டோர்வல் தலபுராணம்

தமிழ்நாட்டில் கொஞ்சம் பழைய ஊர் என்றால் அதற்கொரு தலபுராணம் இருக்கும். யானை பூசித்தது, சிலந்தி பூசித்தது, நண்டு பூசித்தது என்று ஏதாவது ஒரு ஜீவனைப் பிடித்து வைத்திருப்பார்கள். சாபம் வாங்கிய தேவர் ஒருவர் வருவார், குளத்தில் முழுகுவார், சாபம் தீரும், ஊருக்குப் பெயர் வரும். மான்ட்ரியால் தீவின் மேற்குப் பக்கம் விமான நிலையத்தைக் கட்டிக்கொண்டு கிடக்கும் டோர்வலுக்கு மட்டும் அப்படி ஒன்றை யாரும் எழுதவில்லை. அநியாயம். கம்ப்யூட்டர் பூசித்த தலம் உலகத்தில் எத்தனை இருக்கிறது?

தலவிசேஷங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். தீர்த்தம், சென் லூயி ஏரி. ஜனவரியில் அதில் முழுக முடியாது. மேலே நடந்து போகலாம். தலவிருட்சம், ஓடுபாதை விளக்குக் கம்பம். பெயர்க் காரணம், 1691இல் இந்த இடத்தை வாங்கிய ழான் பாப்டிஸ்ட் பூஷார் தோர்வால். வாங்கினார், பெயரைக் கொடுத்தார், புராணத்தில் அவர் வேலை அத்தோடு முடிந்தது. சாப்ட்வேர் கம்பெனிகளில் இப்படி ஒருவர் எப்போதும் உண்டு. புராஜெக்டுக்குப் பெயர் வைத்துவிட்டு அடுத்த வாரம் வேறு டீமுக்குப் போய்விடுவார்.

1940இல் கனடா அரசாங்கம் இங்கிருந்த குதிரைப் பந்தய மைதானத்தை வாங்கியது. மறுவருஷம் செப்டம்பரில் அது விமான நிலையமாகத் திறந்தது. பந்தயக் குணம் அந்த மண்ணை விட்டு லேசில் போகவில்லை. அது பின்னால் வரும்.

புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவர்களுக்குள் ஒரு தீராத வழக்கு இருக்கிறது. தென்கலை வடகலை வழக்காவது கோர்ட்டுக்குப் போயிற்று. இது கேன்டீனிலேயே நடந்துகொண்டிருக்கிறது. சிக்கல் ஒன்று வந்தால் என்ன செய்வது? “இருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுது” என்று ஒரு கட்சி. “இப்போதைக்கு ஓடுகிறதா? கை வைக்காதே” என்று இன்னொரு கட்சி. மூன்றாவது கட்சிக்கு ஆள் குறைவு. “எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், மிச்சத்துக்கு விவரம் தெரிந்தவரைக் கூப்பிடு” என்பது அதன் கொள்கை. இப்படிப் பேசுகிறவருக்குச் சம்பள உயர்வு கிடைத்து நான் பார்த்ததில்லை.

மூன்று கட்சியும் பத்து வருஷத்துக்குள் டோர்வல் பக்கம் வந்து, அரசாங்கச் செலவில் தங்கள் தங்கள் வித்தையைக் காட்டிவிட்டுப் போயின. நான் மூன்றாவது கட்சி. நடுநிலையை எதிர்பார்க்கிறவர்கள் வேறு புராணம் படிக்கலாம்.

மிராபெல் படலம்

அறுபதுகளின் கடைசியில் டோர்வல் நிலையத்தில் கூட்டம் தாங்கவில்லை. 1967இல் மான்ட்ரியாலில் உலகக் கண்காட்சி நடந்து ஊரே பூரித்துப்போயிருந்த சமயம். இன்னும் இருபது முப்பது வருஷத்தில் உலகமே இங்கேதான் வந்து இறங்கப்போகிறது என்று ஒரு மிதப்பு. பழைய நிலையத்தை ஒட்டுப்போட்டுப் பெரிதாக்குவதா, புதிதாக ஒன்று கட்டுவதா என்று கேள்வி வந்தது. பழைய கோடை எழுதியவர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் இந்தக் கேள்வியை எந்த டெவலப்பரிடம் கேட்டாலும் பதில் ஒன்றுதான்.

பியர் ட்ரூடோ அரசாங்கம் 1969இல் நகரத்துக்கு வடமேற்கே வெகுதூரம் தள்ளி, மிராபெல் என்ற இடத்தில் நிலம் எடுத்தது. எவ்வளவு? சுமார் 97,000 ஏக்கர். சதுர கிலோமீட்டரில் சொன்னால் முந்நூற்றுத் தொண்ணூறு சொச்சம். எல்லையை விரித்து, புறநகரையெல்லாம் சேர்த்துக்கொண்ட இன்றைய சென்னை மாநகராட்சியை ஏறக்குறைய முழுதாகத் தூக்கி உள்ளே வைத்துவிடலாம். ஆயிரக்கணக்கான விவசாயிகளை வீட்டைவிட்டு எழுப்பினார்கள். இறக்கை வைத்த எதுவும் அந்த நிலத்தில் பெரும்பகுதியைத் தொடவே இல்லை. எண்பதுகளில் மல்ரோனி அரசாங்கம் வந்து அதைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தது.

1975இல் மிராபெல் திறந்தது. திட்டம் என்னவென்றால், வெளிநாட்டு விமானமெல்லாம் மிராபெல்லில் இறங்கும், உள்நாடும் அமெரிக்காவும் கொஞ்ச காலம் டோர்வலில் ஓடும், பிறகு டோர்வலைப் பூட்டிவிடுவோம். “புதுசு நிலைத்ததும் பழசை நிறுத்திவிடுவோம்” என்ற வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஹாலிஃபாக்ஸிலிருந்து பாரிஸ் போகிறவர் டோர்வலில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி மிராபெல் போய் அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் 13ஆம் எண் நெடுஞ்சாலை வரும் என்றார்கள். அது டோர்வலில் புறப்பட்டு, வடக்கே புவாப்ரியான் வரை போய், அங்கேயே நின்றுவிட்டது. இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது. அதிவேக ரயில் வரும் என்றார்கள். வரவில்லை.

பயணிகள் சும்மா இருப்பார்களா? இந்த இரண்டு நிலையப் பிடுங்கல் வேண்டாமென்று டொராண்டோ வழியாகப் போக ஆரம்பித்தார்கள். எண்பதுகளில் ஈழத்திலிருந்து மான்ட்ரியாலுக்கு விமானத்தில் வந்து இறங்கிய நம்மவர்களில் பலர் முதன்முதலாகக் கால்வைத்த கனடா மண் இந்த மிராபெல்தான். எதிர்காலத்துக்காகக் கட்டிய அந்தப் பெரிய கூடத்தில் வரிசை குறைவாக இருந்தது அவர்களுக்காவது உதவியிருக்கும்.

1997இல் வெளிநாட்டு விமானங்களுக்கு டோர்வல் கதவு மறுபடி திறந்தது. 2004 அக்டோபர் 31இல் மிராபெல்லிலிருந்து கடைசிப் பயணி விமானம் கிளம்பியது. 2014இல் முனையக் கட்டிடத்தை இடிக்கத் தொடங்கினார்கள். பூட்டப்படவேண்டிய டோர்வல் இன்றைக்கும் ஓடுகிறது. அதற்கு 2004 ஜனவரி முதல் தேதியில் ஒரு புதுப் பெயரும் சூட்டினார்கள். என்ன பெயர் தெரியுமா? பியர் எலியட் ட்ரூடோ பன்னாட்டு விமான நிலையம். யாருடைய அரசாங்கம் டோர்வலைப் பூட்ட நினைத்ததோ அவர் பெயரே டோர்வலுக்கு. கந்தபுராணத்தில்கூடச் சூரன் தோற்ற பிறகுதான் மயிலும் சேவலும் ஆனான். இங்கே பட்டாபிஷேகமே நடந்துவிட்டது.

மெத்தேயோ படலம்

டோர்வலில் ட்ரான்ஸ் கனடா நெடுஞ்சாலை ஓரமாகக் கனடா வானிலை மையம் இருக்கிறது. நாட்டின் வானிலைக் கணக்கெல்லாம் அங்கேதான். அங்கே ஆந்த்ரே ரொபேர் என்றொரு மனிதர் இருந்தார். காற்றின் போக்கைக் கணிக்கும் நிரல்கள் அப்போது நிமிஷ நிமிஷமாகச் சின்ன எட்டு வைத்துத்தான் நடக்கவேண்டும். கொஞ்சம் பெரிய எட்டு வைத்தால் எண்கள் கட்டுமீறி வெடித்துவிடும். மற்றவர்கள் வேகமான கம்ப்யூட்டர் கேட்டு மனுப் போட்டார்கள். ரொபேர் கேள்வியைத் திருப்பிப்போட்டார். ஒரு இடத்தில் நின்று போகிற காற்றையெல்லாம் எண்ணாமல், “இப்போது இங்கே வந்திருக்கும் இந்தக் காற்று சற்றுமுன் எங்கே இருந்தது?” என்று பின்னோக்கிக் கேட்டார். எட்டு பெரிதாயிற்று, கணக்கு சீக்கிரம் முடிந்தது. ஐரோப்பாவின் வானிலை மையம் 1991இல் இந்த வழிக்கு வந்தது. இவரைப்பற்றித் தனிப் புராணமே பாடலாம்; இங்கே ஒரு கும்பிடு போட்டு நகர்கிறேன். ஏனென்றால் நம் கதாநாயகன் அதே மையத்தில் ஓடிய வேறொரு நிரல்.

கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1954 ஜனவரியில் நியூயார்க்கில் ஐபிஎம்மும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு வித்தை காட்டின. 250 சொல், 6 இலக்கண விதி, அறுபதுக்குச் சற்று மேற்பட்ட ருஷ்ய வாக்கியங்கள். இந்தப் பக்கம் ருஷ்யம் போனால் அந்தப் பக்கம் ஆங்கிலம். மூன்றிலிருந்து ஐந்து வருஷத்தில் மொழிபெயர்ப்புச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று அறிவித்தார்கள். சாப்ட்வேர் உலகத்தில் “எத்தனை நாள் ஆகும்?” என்ற கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில்களில் இது ஒரு பொன்னேடு. பன்னிரண்டு வருஷம் கழித்து, 1966இல், ஆல்பாக் என்ற அமெரிக்கக் குழு கணக்குப் பார்த்துவிட்டு, செலவழித்த அளவுக்கு ஒன்றும் தேறவில்லை என்று அறிக்கை கொடுத்தது. பணம் நின்றது. அமெரிக்காவில் அந்தத் துறையே சுருண்டு படுத்தது.

கனடாவால் படுக்க முடியவில்லை. 1969இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. மத்திய அரசு வெளியிடும் எந்தத் துண்டுக் காகிதமும் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் வரவேண்டும். மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தில் 1965 முதலே கணினி மொழிபெயர்ப்புக்கு ஒரு குழு இருந்தது. தோம் என்று அதற்குப் பெயர். அந்தக் குழுவில் 1967 முதல் 1970 வரை அலேன் கோல்மெரோவர் என்ற பிரெஞ்சு இளைஞர் வேலை பார்த்தார். வாக்கியத்தைப் பிரித்து மேய அவர் க்யூ சிஸ்டம்ஸ் என்று ஒரு மொழியை உண்டாக்கினார். “இந்த வடிவம் கண்ணில் பட்டால் இதை அந்த வடிவமாக மாற்று” என்று விதிகளை எழுதிக்கொண்டே போகவேண்டியது. எந்த விதியை எப்போது போடுவது என்ற கவலை இயந்திரத்துக்கு. அது எல்லா வழியையும் போய்ப் பார்க்கும். வாக்கியத்தின் தலையிலிருந்து வால்வரை ஒரு வழி கிடைத்தால் விடை. கிடைக்காவிட்டால் விடை இல்லை. இந்தக் கடைசி வரியை மறந்துவிடாதீர்கள்.

சரி, என்ன மொழிபெயர்ப்பது? நாவலா, சட்டமா, பட்ஜெட் உரையா? வானிலை அறிக்கையை எடுத்தார்கள். உலகத்திலேயே சுவாரசியம் குறைந்த இலக்கியம் அது. நம் ஆகாசவாணியில் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வானம் மேகமூட்டம், ஓரிரு இடங்களில் இடியுடன் மழை, மீனவர்களுக்கு எச்சரிக்கை. ஒரு டஜன் சொற்றொடரைக் குலுக்கிப்போட்டால் முப்பது வருஷ வானிலை வந்துவிடும். கனடா அறிக்கை இன்னும் மோசம். வினைச்சொல் அநேகமாகக் கிடையாது. அவன், அவள், அது என்ற தொல்லை கிடையாது. கேள்வி கேட்காது, கோபப்படாது. ஊர்ப் பெயர், நாள், வானம், காற்று, வெப்பம், முடிந்தது.

மொழிபெயர்ப்பில் மனிதரை உட்கார வைத்து அழவைப்பது ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பதுதான். மாலை என்றால் பொழுதா, கழுத்தில் போடுவதா? திங்கள் என்றால் கிழமையா, நிலவா, மாதமா? வானிலை அறிக்கைக்குள் இந்தத் தகராறு எழவே எழாது. அங்கே மாலை என்றால் பொழுது. யாரும் யாருக்கும் மாலை போடப்போவதில்லை. பெரிய மேதைகள் தத்துவம் பேசித் தீர்க்கமுடியாத சிக்கலை, அது இல்லாத தெருவாகப் பார்த்துக் குடிபோய்த் தீர்த்தார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்கிற ஆர்க்கிடெக்ட்டுகள் இருக்கிறார்கள். நான் இதைப் புத்தி என்பேன்.

இன்னொரு நியாயமும் இருந்தது. இந்த அறிக்கைகளை அதுவரை கையால் மொழிபெயர்த்தவர்கள் படித்த, தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளர்கள். நாளெல்லாம், இரவெல்லாம், “காற்று வடமேற்கு, மணிக்கு நாற்பது”. சில மாதத்தில் வேலையை விட்டு ஓடினார்கள். அடுத்தவரைப் பிடித்துப் பழக்குவதற்குள் அவரும் ஓடுவார். எழுத்தாளர்களை வானிலையால் சாகடிக்கலாம் என்று டோர்வல் நிரூபித்துக்கொண்டிருந்தது.

1977இல் அந்தக் குழு எழுதிய மெத்தேயோ என்ற நிரல் வேலைக்குச் சேர்ந்தது. நாடு முழுக்க இருந்த வானிலை அலுவலகங்களிலிருந்து தந்திக் கம்பியில் ஆங்கில அறிக்கை டோர்வலுக்கு வரும். ஊர்ப் பெயர்களைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அகராதியில் ஆயிரத்துச் சொச்சம் சொல்தான். மரபுத் தொடருக்கு ஒரு பட்டியல், ஊர்களுக்கு ஒரு பட்டியல், மிச்சத்துக்கு ஒரு பட்டியல். வாக்கியத்தைப் பிரிக்கும், பிரெஞ்சில் அடுக்கும், அனுப்பும். பிரிக்க முடியாவிட்டால்?

இங்கேதான் மெத்தேயோ சாப்ட்வேர் சரித்திரத்தில் அரிதான ஒரு காரியம் செய்தது. ஊகிக்கவில்லை. பாதி வெந்ததைப் பரிமாறவில்லை. “அய்யா, இது எனக்குப் புரியவில்லை, நீங்களே பாருங்கள்” என்று அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மனிதர் ஒருவரின் திரைக்கு அனுப்பிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டது. தலைமுதல் வால்வரை வழி கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்ற அந்தக் கோல்மெரோவர் குணம்.

ஆரம்பத்தில் நூற்றுக்கு எண்பது வாக்கியம் தானாகத் தேறியது. மீதி இருபது மனிதருக்கு. எந்த மேனேஜரும் “ஏன் நூறு இல்லை?” என்றுதான் கேட்பார். அந்த இருபதில் என்ன இருந்தது என்று பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். பெரும்பாலும் மொழிபெயர்ப்புச் சிக்கலே இல்லை. வானிலைக்காரர் எழுத்துப்பிழையோடு அடித்தது, கம்பியில் வரும்போது எழுத்து சிதைந்தது, அகராதியில் இல்லாத சொல். கம்ப்யூட்டருக்கு இலக்கணம் தெரிந்திருந்தது. மனிதருக்குத்தான் டைப்பிங் தெரியவில்லை. மொழிபெயர்ப்பாளர்களும் ஓடுவதை நிறுத்தினார்கள். சலிப்பான எண்பது இயந்திரத்துக்கு, கொஞ்சம் மூளை கேட்கும் இருபது அவர்களுக்கு என்று வேலை பிரிந்துவிட்டதல்லவா.

ஆனால் வெற்றி பெற்ற டீமை யாராவது சும்மா விடுவார்களா? வானிலையைத் தின்று செரித்தவர்களுக்கு அடுத்து ஒரு விமானத்தைக் கொடுத்தார்கள். கனடா விமானப்படை கடல் கண்காணிப்புக்கு வாங்கியிருந்த சிபி-140 அரோரா விமானத்தின் பராமரிப்புக் கையேடுகள். அதில் ஹைட்ராலிக்ஸ் பகுதியை முதலில் மொழிபெயர்க்கவேண்டும். திட்டத்துக்கு தோம்-ஆவியேஷன் என்று பெயர்.

ஆங்கிலக் கையேட்டுக்காரர்கள் பெயர்ச்சொல்லைச் செங்கல் மாதிரி அடுக்குவார்கள். “இடது பிரதான இறங்குசக்கர ஹைட்ராலிக் திரும்புகுழாய் வடிகட்டி” என்கிற தினுசு. இடது என்பது சக்கரத்துக்கா, வடிகட்டிக்கா? தமிழில் நாமும் அப்படியே அடுக்கித் தப்பித்துவிடலாம். பிரெஞ்சில் முடியாது, ஒவ்வொரு செங்கல்லுக்கு நடுவிலும் எது எதனுடையது என்று சாந்து பூசியாகவேண்டும். அதற்கு இலக்கணம் தெரிந்தால் போதாது, விமானமே தெரியவேண்டும். குழு அசரவில்லை. ஆழமான இலக்கணம், பொருள் வகைகள், ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கம் பக்கமாக விவரம். கல்வி நோக்கில் அருமையான வேலை. வந்த மொழிபெயர்ப்பும் மோசமில்லை. ஆனால் ஒவ்வொரு புதுச் சொல்லையும் அகராதியில் ஏற்ற ஆள் நாட்கள் கரைந்தன. கடைசியில் கணக்குப் பார்த்தால், இயந்திரம் செய்து மனிதர் திருத்துவதைவிட மனிதரே செய்வது மலிவு. 1981இல் திட்டம் மூடப்பட்டது. தோம் குழுவும் கலைந்தது.

அதே ஆட்கள், அதே பல்கலைக்கழகம், அதே அரசாங்கம். ஒன்றில் “எங்கள் எல்லை இதுவரை” என்றார்கள், ஜெயித்தார்கள். இன்னொன்றில் எல்லையைத் தூக்கி வானத்தில் வைத்தார்கள்.

குழு கலைந்தாலும் மெத்தேயோ கலையவில்லை. அதில் வேலை பார்த்த ஜான் ஷாந்தியூ தனியாகப் போய், கிராம்-ஆர் என்று தனக்கென ஒரு நிரல்மொழி செய்துகொண்டு, எண்பதுகளின் முதல் பாதியில் மெத்தேயோவை மறுபடி எழுதினார். பெரிய கம்ப்யூட்டரிலிருந்து சின்ன மைக்ரோ கம்ப்யூட்டருக்கு வந்தது. முதலிலிருந்து எழுதாதே என்று மிராபெல் படலத்தில் கத்தினேனே, இது என்ன என்று கேட்பீர்கள். இவர் நிலத்தை விரிக்கவில்லை. அதே வானிலை, அதே எல்லை, அதே “புரியவில்லை அய்யா”. நாளொன்றுக்குப் பல்லாயிரம் சொல் மொழிபெயர்த்தது. மனிதர் கைவைக்கவேண்டிய பங்கு சில விழுக்காடாகச் சுருங்கியது. 2001 செப்டம்பர் 30 வரை ஓடியது. நான் எழுதிய எந்தக் கோடும் இரண்டு மழைக்காலம் தாங்கியதில்லை. இது இருபத்துநான்கு கனடாக் குளிர்காலம் தாண்டியிருக்கிறது.

கோல்மெரோவர் என்ன ஆனார்? மார்செய் போய், மான்ட்ரியாலில் ஊறிய அந்த யோசனையை இன்னும் காய்ச்சி, ஃபிலிப் ரூசெல்லோடு சேர்ந்து 1972இல் புரோலாக் என்ற மொழியைக் கொண்டுவந்தார். அந்தப் பெயரைச் சொன்னவர் ரூசெல்லின் மனைவி. பத்து வருஷம் கழித்து ஜப்பான் அரசாங்கம் அந்தச் சிந்தனை வழியைப் பிடித்துக்கொண்டு, “ஐந்தாம் தலைமுறைக் கம்ப்யூட்டர்” செய்து மனித அறிவையே மடக்கப்போகிறோம் என்று கிளம்பியது. அமெரிக்கா நடுங்கியது. 1992 வாக்கில் சத்தமில்லாமல் கடையைக் கட்டினார்கள். டோர்வலில் மழை வருமா என்று சொல்லிக்கொண்டிருந்த தாத்தா அப்போதும் வேலையில்தான் இருந்தார்.

இப்போதைய அரட்டை இயந்திரங்களைப் பார்க்கும்போது மெத்தேயோ நினைவு வருகிறது. இவற்றிடம் எதைக் கேட்டாலும் பதில் வருகிறது. இல்லாத ஊருக்கு வழி கேட்டாலும் பஸ் நம்பரோடு வருகிறது.

கிம்லி படலம்

இரண்டாவது கட்சியைப்பற்றி இன்னும் பேசவில்லையே. “இப்போதைக்கு ஓடுகிறதா, கை வைக்காதே” கட்சி. அதன் திருவிளையாடல் 1983 ஜூலை 23, சனிக்கிழமை.

ஏர் கனடா அப்போது அரசாங்கக் கம்பெனி. புத்தம்புது போயிங் 767 வாங்கியிருந்தது. பவுண்டை விட்டுவிட்டுக் கிலோவில் எரிபொருள் கணக்குப் போடும் முதல் விமானம் அவர்களிடம் அதுதான். அதில் ஒன்றுக்கு எரிபொருளை அளக்கும் கம்ப்யூட்டரில் கோளாறு. உள்ளே ஒரு ஈயப்பற்று சரியாகப் பிடிக்காமல் பாதி ஒட்டிப் பாதி ஒட்டாமல் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டருக்கு இரண்டு தடம். ஒன்று செத்தால் மற்றது பார்த்துக்கொள்ளும். முழுசாகச் செத்தால் சரி. இது அரை உயிராகக் கிடந்ததால் இரண்டாவது தடம் “அண்ணன்தான் இருக்கிறாரே” என்று விலகி நின்றது. மானி இருண்டது.

எட்மன்டனில் ஒரு தொழில்நுட்பர் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தார். கெட்ட தடத்தின் மின் சுவிட்சைப் பிடுங்கிவிட்டார். அண்ணன் ஒழிந்ததும் தம்பி விழித்துக்கொண்டது, மானி தெரிந்தது. குறிப்பும் எழுதிவைத்தார். விமானம் டோர்வல் வந்தது. இங்கே இன்னொரு தொழில்நுட்பர், என்னதான் கோளாறு என்று பார்க்க அந்தச் சுவிட்சை மறுபடி அழுத்தினார். மானி இருண்டது. அந்த நேரம் பார்த்து எரிபொருள் லாரி வந்தது. கவனம் சிதறி, சுவிட்சைப் பிடுங்காமலே போய்விட்டார். புரொடக்‌ஷனில் கைவைத்துப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போன எல்லாருக்கும் இந்த இடத்தில் ஒரு முள் குத்தும்.

கேப்டன் ராபர்ட் பியர்சன், துணை விமானி மோரீஸ் கேன்டல். மானி இல்லாமலே விமானம் எட்மன்டனிலிருந்து வந்துவிட்டது என்று பியர்சன் தப்பாகப் புரிந்துகொண்டார். சட்டப்படி அப்படிப் பறக்கக்கூடாது. ஆனால் 767 புதிது, விதிப்புத்தகத்தில் வாரத்துக்கொரு திருத்தம். பராமரிப்புப் பிரிவு சரி என்று சொல்லிவிட்டதாம், பிறகென்ன.

மானி இல்லாவிட்டால் குச்சியால் அளக்கலாம். அளந்தார்கள். தொட்டியில் 7,682 லிட்டர். ஒட்டாவா வழியாக எட்மன்டன் திரும்பிப் போக 22,300 கிலோ வேண்டும். லிட்டரைக் கிலோவாக்க எதால் பெருக்குவது? எரிபொருள் சீட்டில் 1.77 என்று இருந்தது. இத்தனை வருஷமும் அதுதான். ஒரு லிட்டருக்கு 1.77 பவுண்டு. கிலோ என்றால் 0.8 சொச்சம். 1.77ஆல் பெருக்கினார்கள்; 13,597 வந்தது. அதைக் கிலோ என்று வைத்துக்கொண்டு மீதிக்கு 4,917 லிட்டர் ஊற்றினார்கள். ஊற்றவேண்டியது இருபதாயிரத்துக்கும் மேல்.

எரிபொருளைத் தண்ணீரைவிட எழுபத்தேழு விழுக்காடு கனமாக ஆக்கிய இந்தக் கணக்கில் எவருக்கும் சந்தேகம் வரவில்லை. பழைய விமானங்களில் இந்தக் கணக்குப் போட ஒரு விமானப் பொறியாளர் உட்கார்ந்திருப்பார். 767க்கு அவர் தேவையில்லை என்று எடுத்துவிட்டார்கள். அவர் வேலையை யார் தலையில் கட்டுவது என்பதை யாரும் தெளிவாக எழுதவில்லை. கேப்டன் கவனமான மனிதர். ஒட்டாவாவில் இறங்கியதும் மறுபடி அளக்கச் சொன்னார். அளந்தார்கள். அதே பவுண்டுக் கணக்கால் பெருக்கினார்கள். சரியாக வந்தது. தப்பான கோடை அதே தப்பான கோடால் டெஸ்ட் செய்தால் டெஸ்ட் பாஸ்தான்.

எனக்கு இதில் மனசு நெகிழ்கிற ஒரே ஜீவன் அந்த அரை உயிர்க் கம்ப்யூட்டர். அதற்குத் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியவில்லை. தெரியவில்லை என்பதால் திரையை இருட்டாக வைத்துக்கொண்டது. பொய்யாக ஒரு எண்ணைக் காட்டியிருக்கலாம், காட்டவில்லை. டோர்வலில் அன்றைக்கு “எனக்குத் தெரியாது” என்று சொன்னது அது ஒன்றுதான். அதைச் சுற்றி நின்ற மனிதர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 1999இல் செவ்வாய்க்குப் போன நாசாவின் கலம் ஒன்று இதே பவுண்டு மெட்ரிக் குழப்பத்தில் அழிந்தது. ஆகவே கனடாக்காரர்களைப் பார்த்து மட்டும் சிரிக்கவேண்டாம்.

ஒன்டாரியோவில் ரெட் லேக் பக்கம், 41,000 அடியில், முதலில் ஒரு எச்சரிக்கை மணி. பிறகு ஒரு என்ஜின் நின்றது. பிறகு மற்றதும். காக்பிட் திரைகள் அணைந்தன. காற்றில் சுழலும் ஒரு சின்ன விசிறி அடிவயிற்றிலிருந்து இறங்கி, சுக்கானைத் திருப்பும் அளவுக்கு மட்டும் சக்தி கொடுத்தது. பியர்சன் பொழுதுபோக்காக என்ஜினில்லாத கிளைடர் ஓட்டுகிறவர். 61 பயணி, 8 சிப்பந்தி ஏறிய 767ஐ அவர் கிளைடராக ஓட்டினார். வின்னிபெக் எட்டாது என்று தெரிந்தது. கேன்டல் விமானப்படையில் இருந்தபோது வேலை பார்த்த கிம்லி தளம் நினைவுக்கு வந்தது. அங்கே போவோம் என்றார்.

கிம்லி தளம் மூடப்பட்டிருந்ததும், அந்த ஓடுபாதை கார்ப் பந்தயத் தடமாகிவிட்டதும் அவருக்குத் தெரியாது. அன்றைக்கு அங்கே பந்தயச் சங்கத்தின் குடும்ப விழா. கூடாரம், பிள்ளைகள், சைக்கிள். சத்தமே இல்லாமல் வானத்திலிருந்து ஒரு 767 சாய்ந்து சாய்ந்து இறங்கியது. மூக்குச் சக்கரம் மடங்கி, மூக்கு தரையில் உரசி நின்றது. ஒரு உயிர் போகவில்லை. குதிரைப் பந்தய மைதானத்தில் கிளம்பி கார்ப் பந்தய மைதானத்தில் இறங்கிய விமானம் வேறெங்கும் இருக்காது.

விசாரணை நடந்தது, நீதிபதி லாக்வுட் 1985இல் அறிக்கை கொடுத்தார். கேப்டனை ஆறு மாதம் பதவி இறக்கியும், துணை விமானியை இரண்டு வாரம் நிறுத்தியும் கம்பெனி ஏற்கெனவே தண்டித்திருந்தது. பிறகு உலக விமானச் சங்கம் அவர்களுக்கு விருது கொடுத்தது. விமானத்தை அங்கேயே ஒட்டுப்போட்டுப் பறக்கவைத்துக் கொண்டுபோனார்கள். 2008 ஜனவரி வரை பயணிகளை ஏற்றியது. முதலிலிருந்து எழுதாமல் ஒட்டுப்போட்டதில் உருப்பட்டது இது ஒன்று என்று இரண்டாவது கட்சிக்காரர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

விமானத்தைச் சரிசெய்ய வின்னிபெக்கிலிருந்து மெக்கானிக்குகள் ஒரு வேனில் சாமான்களோடு கிளம்பினார்களாம். போகிற வழியில் காட்டோரமாக வேன் நின்றுவிட்டதாம். பெட்ரோல் தீர்ந்துபோய். கிம்லிக் கதை சொல்கிறவர்கள் யாரும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. அவர்களைக் கூட்டிவர வின்னிபெக்கிலிருந்து இன்னொரு வேன் போயிற்று.